மேரி சூ என்ற பெயர் பிறந்த விதம்: 1973-ஆம் ஆண்டின் ரசிகர் இதழ்ப் பகடி பற்றிய நிகழ்வு ஆய்வு

1973-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் 'மெனாஜரி' என்ற ரசிகர் இதழின் இரண்டாம் இதழ் வெளிவந்தது. 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்காக பவுலா ஸ்மித், ஷாரன் ஃபெராரோ என்ற இரண்டு ரசிகைகள் நடத்திய இதழ் அது. அந்த இதழில் பவுலா ஸ்மித் எழுதிய 'ஒரு ட்ரெக்கியின் கதை' என்ற மிகச் சிறிய கதை இருந்தது; ட்ரெக்கி என்றால் அந்தத் தொடரின் ரசிகர். ஏறத்தாழ முந்நூறு சொற்களே கொண்ட அந்தக் கதையைத் தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். அதன் நாயகியின் பெயர் லெப்டினன்ட் மேரி சூ.

அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. அந்த இதழைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களும், அந்தக் கதை எந்தத் தொடரைச் சார்ந்து எழுதப்பட்டது என்று அறியாதவர்களும் இன்று அந்தப் பெயரை விமர்சனச் சொல்லாகக் கையாளுகிறார்கள். ஒரு பெண் கதாபாத்திரம் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரியாகவும், சந்திப்பவர் அனைவராலும் நேசிக்கப்படுபவளாகவும் எழுதப்பட்டிருந்தால், 'இது மேரி சூ' என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு ரசிகை தன் சக ரசிகைகளின் எழுத்தைப் பற்றிச் செய்த கூர்மையான விமர்சனம், எழுத வருபவர்களின் கையைக் கட்டும் தீர்ப்பாக எப்படி மாறியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பகடியில் குற்றம் இல்லை. அது பல கதைகளில் திரும்பத் திரும்ப வந்த ஓர் அமைப்பை நேர்மையாகப் படித்து, அதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்று காட்டியது. பெயர் மட்டும் பகடியிலிருந்து கழன்று தனியே நடமாடத் தொடங்கியபோதுதான், கதையைப் படிக்காமலே கதையை அளக்கும் வசதி வாசகர்களுக்குக் கிடைத்தது.

பின்னணி

அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் இதழ் நடத்தும் பழக்கம் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் மூத்தது. 1930-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'தி காமெட்' இவ்வகையில் முதல் இதழாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1944-இல் ஜாக் ஸ்பீர் தொகுத்த ரசிகர் கலைக்களஞ்சியத்தில் 'ரசிகர் புனைவு' என்ற சொல்லே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அங்கே அதன் பொருள் வேறு: ரசிகர்களைப் பாத்திரங்களாக வைத்து எழுதப்பட்ட கதை. வேறொருவர் படைத்த உலகத்தையும் மாந்தரையும் எடுத்துக்கொண்டு ரசிகர் எழுதும் கதை என்ற இன்றைய பொருள், 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களின் இதழ்கள் பெருகிய பிறகே நிலைத்தது.

அந்தத் தொடர் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை 79 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967 செப்டம்பரில், நியூயார்க்கில் டெவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்ட் இருவரும் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். இந்தத் தொடருக்கென்றே வெளிவந்த முதல் ரசிகர் இதழ் அது. 1969-இல் ரூத் பெர்மன் தொடங்கிய 'டி-நெகட்டிவ்' தன் பெயரைத் தொடரின் முக்கிய மாந்தரில் ஒருவரான ஸ்பாக்கின் இரத்த வகையிலிருந்து எடுத்துக்கொண்டது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் பெரிய ரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த அமைப்பாளர்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சமாளிக்க நேர்ந்தது. தொடர் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியும் அதன்மீதான பற்று வளர்ந்துகொண்டிருந்தது என்பதும், அந்தப் பற்று எழுத்தாக வெளிப்பட இதழ்கள் காத்திருந்தன என்பதும் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்திகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்தில் ஆண்களே மிகுதி; இந்தப் புதிய இதழ்களை எழுதியவர்களிலும் நடத்தியவர்களிலும் பெரும்பான்மையினர் பெண்கள்.

இதழ் உருவான முறையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் சிற்றிதழ்க்காரர்களுக்கும் சங்கத் துண்டறிக்கை போட்டவர்களுக்கும் நன்கு பழக்கமான சைக்ளோஸ்டைல் இயந்திரமே அங்கும் பெரும்பாலும் கைகொடுத்தது. தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுத்துகளை நேரடியாக அடிக்க வேண்டும்; எழுத்து பதிந்த இடத்தில் மெழுகு விலகி மை கசிய வழி கிடைக்கும். ஒரு பிழை விழுந்தால் திருத்து திரவத்தை அதன்மேல் தடவி, உலரும் வரை காத்திருந்து, மீண்டும் அதே இடத்தில் அடிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மாற்ற விரும்பினால் பெரும்பாலும் அந்தத் தாளையே கைவிட்டுப் புதுத் தாளில் தொடங்க வேண்டும். பிறகு உருளையைச் சுற்றிப் படி எடுத்து, மேசையைச் சுற்றி நடந்து பக்கங்களை வரிசையாக அடுக்கி, கம்பி தைத்து, உறையிலிட்டு அஞ்சலில் சேர்க்க வேண்டும். இத்தனையும் அலுவலக வேலைக்கும் கல்லூரிப் படிப்புக்கும் இடையே நடந்தவை. இத்தகைய சூழலில் ஒரு கதையை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திருத்தி எழுதும் பழக்கம் எளிதில் வருவதில்லை. தான் படித்த கதைகள் பல, இதழ் அச்சாவதற்கு அரைமணி நேரம் முன்னதாக எழுதப்பட்டவை போல இருந்தன என்று பல ஆண்டுகளுக்குப் பின் அளித்த நேர்காணலில் பவுலா ஸ்மித் நினைவுகூர்ந்தார். அந்தக் குறையில் ஒரு பங்கை இயந்திரத்தின் கணக்கிலும் எழுத வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

சக ரசிகர்களின் விமர்சனம்

அந்த இதழ்களில் எழுதியவருக்குப் பணம் கிடையாது. தன் கதை வந்த இதழின் ஒரு படியும், அதைப் பற்றி வரும் வாசகர் கடிதங்களுமே கிடைக்கும். ஆகவே கருத்துக் கடிதம் எழுதுவது அந்த வட்டத்தில் ஏறக்குறைய ஒரு கடமையாகவே இருந்தது. ஓர் இதழைப் பெற்றுக்கொண்டவர் கதை கதையாகத் தன் கருத்தை எழுதி அனுப்புவார். ஆசிரியர் அவற்றில் தேர்ந்தெடுத்து அடுத்த இதழில் வெளியிடுவார். விமர்சிக்கப்பட்டவர் அதற்கு அடுத்த இதழில் பதில் எழுதுவார். ஒரு விவாதம் ஒரு சுற்று வருவதற்கே பல மாதங்கள் ஆகும். அதைவிட முக்கியமாக, விமர்சிப்பவரும் விமர்சிக்கப்படுபவரும் அடுத்த மாநாட்டில் நேருக்கு நேர் சந்திக்கக்கூடியவர்கள். இன்று கதை எழுதியவர் நாளை கடிதம் எழுதுவார். நாளை மறுநாள் தன் சொந்த இதழைத் தொடங்குவார். வாசகர், விமர்சகர், ஆசிரியர் என்ற மூன்று வேலைகளையும் ஒரே ஆள் செய்த வட்டம் அது.

இப்படிப்பட்ட வட்டத்தில் ஒருவரின் கதையைக் குறை சொல்வது எளிதல்ல. பதினாறு வயதுப் பெண் தன் முதல் கதையை அனுப்பியிருக்கிறாள். அதைத் தட்டச்சு செய்து, தைத்து, அனுப்பியவர் உங்கள் தோழி. அந்தக் கதை நன்றாக இல்லை. என்ன எழுதுவது? பாராட்டினால் பொய்யாகும், பெயர் சொல்லிக் கண்டித்தால் அவள் மறுபடியும் பேனாவைத் தொடாமல் போகலாம். பவுலா ஸ்மித்தும் ஷாரன் ஃபெராரோவும் இதழ் இதழாகப் படித்து ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: ஏறக்குறைய ஒவ்வோர் இதழின் முக்கியக் கதையும் ஒரே கதை. விண்படையில் இதுவரை சேர்ந்தவர்களிலேயே இளையவளான ஒரு பெண் 'எண்டர்பிரைஸ்' கப்பலுக்கு வருகிறாள். கப்பலில் உள்ள அனைவரும் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். அபூர்வ நிறக் கண்களோ கூந்தலோ அவளுக்கு வாய்த்திருக்கும், அல்லது அவள் பாதி வல்கன் என்ற வேற்றுக்கோள் இனத்தவளாக இருப்பாள். எல்லா நிகழ்ச்சிகளும் அவளைச் சுற்றியே சுழலும். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. தனித்தனி ஊர்களில், தனித்தனி அறைகளில், பலர் தாமாகவே இந்த ஒரே கதையை வந்தடைந்தார்கள்.

பகடியை நெருங்கிப் படித்தல்

ஸ்மித் தேர்ந்தெடுத்த வழி, எவருடைய கதையையும் பெயர் சொல்லி விமர்சிக்காமல், அந்தப் பொதுவான கதையையே மிகச் சுருக்கி எழுதிக் காட்டுவது. மேரி சூவுக்கு வயது பதினைந்தரை. படையிலேயே இளைய லெப்டினன்ட். கப்பலுக்கு வந்தவுடனே கேப்டன் கிர்க் அவளிடம் காதலைச் சொல்லி, அவளைப் படுக்கைக்கும் அழைக்கிறார். தான் அப்படிப்பட்ட பெண் அல்ல என்று அவள் சொல்லவும், அவளை மதிப்பதாகக் கூறி, தான் போய்க் காபி வாங்கிவரும் வரை கப்பலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைக்கிறார். கேப்டனின் இருக்கையில் அவளைக் கண்ட ஸ்பாக் காரணம் கேட்கிறார். கேப்டன் சொன்னார் என்று அவள் பதில் சொன்னதும், அந்தப் பதிலின் தர்க்கத்தை வியந்து பாராட்டுகிறார். அடுத்து கிர்க், ஸ்பாக், மருத்துவர் மக்காய், தலைமைப் பொறியாளர் ஸ்காட் ஆகியோருடன் ஒரு கோளில் இறங்குகிறாள். பச்சை நிற இயந்திர மனிதர்கள் அனைவரையும் சிறையில் அடைக்கிறார்கள். தான் பாதி வல்கன் என்பதை ஒரு பலவீனமான கணத்தில் அவள் ஸ்பாக்கிடம் ஒப்புக்கொள்கிறாள். பிறகு தன் கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்து எல்லோரையும் விடுவிக்கிறாள். கப்பலுக்குத் திரும்பியதும் ஆண்கள் நால்வரும் நோயில் விழ, அவள் தனியாகவே கப்பலை நடத்தி நோபல் அமைதிப் பரிசு உட்பட மூன்று விருதுகளைப் பெறுகிறாள். இறுதியில் நோய் அவளையும் பிடிக்கிறது. மருத்துவ அறையில் நால்வரும் வெட்கமின்றிக் கண்ணீர் விட, அவள் உயிர் பிரிகிறது. அவள் பிறந்த நாள் இன்றும் கப்பலில் விடுமுறை நாள்.

இந்தப் பகடியின் நுட்பம், அது எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதில் இருக்கிறது. சாதாரணப் பகடி மூலத்தில் உள்ளதைப் பெரிதாக்கும். இதுவோ மூலத்தைச் சிறிதாக்குகிறது. நாற்பது பக்கத்தில் பரவிக் கிடந்தபோது வாசகருக்குத் தெரியாமல் இருந்த குறை, ஒரு பக்கத்துக்குள் அடக்கியபோது தானே வெளியே வந்துவிடுகிறது. கொண்டை ஊசியைக் கவனியுங்கள். சிறையில் அடைபட்டிருப்பவர்கள் கப்பலின் தலைமைப் பொறியாளரும், அறிவில் ஈடற்ற வல்கன் அதிகாரியும், பல ஆபத்துகளிலிருந்து தப்பிய கேப்டனும். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க அவர்களில் ஒருவரும் கையை அசைப்பதில்லை. நாயகி ஒரு செயலைச் செய்ய வேண்டும் என்பதற்காக மற்றவர்களின் திறமையும் அந்த வரியில் பிடுங்கப்பட்டுவிடுகிறது. ரசிகர் புனைவில் இதுதான் உண்மையான தொழில் பிழை. புதிய பாத்திரம் திறமையானவளாக இருப்பதில் தவறில்லை. அவள் உள்ளே வந்ததும் வாசகர் நேசித்த பழைய மாந்தர் தம் இயல்பை இழந்து பொம்மைகளாகிவிடுவதே தவறு. காபி வாங்கப் போகும் கேப்டனும், ஓர் எளிய பதிலில் மயங்கிப்போகும் ஸ்பாக்கும் இதே பிழையின் வேறு உருவங்கள். ஸ்மித் இந்தப் பிழையை விளக்கி ஒரு கட்டுரை எழுதியிருந்தால் இவ்வளவு தெளிவு கிடைத்திருக்காது.

எவர் பெயரும் அதில் இல்லை என்பதையும் நான் முக்கியமாக எண்ணுகிறேன். அப்படிக் கதை எழுதியவர்களும் அதைப் படித்துச் சிரித்திருக்க முடியும். சிரித்தபடியே தன் கைப்பிரதியை எடுத்துத் திருத்தியிருக்கவும் முடியும்.

ஏன் எல்லோரும் ஒரே கதையை எழுதினார்கள்

பகடி கேட்காத கேள்வி இது. பகடியின் வேலையும் அதுவல்ல. ஆனால் நிகழ்வை ஆராய்பவர் கேட்டாக வேண்டும்.

தொடரின் முதல் முன்னோட்ட அத்தியாயத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். அந்தப் பாத்திரம் பிறகு கைவிடப்பட்டது. தொடர்பு அதிகாரி உஹுரா மூன்று ஆண்டுகளும் கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்திருந்தும், மூலத் தொடரின் எந்த அத்தியாயத்திலும் கப்பலின் தலைமை அவர் கைக்கு வரவில்லை. 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில், விண்கப்பல் கேப்டன்களின் உலகம் பெண்களை ஏற்பதில்லை என்று ஒரு பெண் பாத்திரமே கிர்க்கிடம் சொல்கிறார். அதைச் சொல்பவர் மனம் பிறழ்ந்த எதிரியாகச் சித்திரிக்கப்படுகிறார். பின்னர் வந்த அசைபடத் தொடரில், 1973 செப்டம்பர் 29 அன்று, ஆண்கள் அனைவரும் செயலிழந்துபோன நெருக்கடியில் உஹுரா முதன்முறையாகக் கப்பலின் தலைமையை ஏற்றார். மேரி சூ கேப்டனின் நாற்காலியில் உட்கார்ந்தது அதற்கு மூன்று மாதங்களுக்குள்.

இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அந்த இளம் ரசிகைகளின் கதைகள் வேறு விதமாகத் தெரிகின்றன. அவர்கள் நேசித்த உலகத்தில் அவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. கையில் இருந்த ஸ்டென்சில் தாளில் அவர்களே ஒரு நாற்காலியைச் செய்துகொண்டார்கள். நாற்காலி கோணலாக இருந்தது, ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன என்பதெல்லாம் உண்மை. ஆனால் படையிலேயே இளையவள் என்ற அந்தக் கூச்சமூட்டும் அடைமொழிகூட வானத்திலிருந்து விழுந்ததல்ல. கிர்க்கையும் விண்படையின் மிக இளைய கேப்டன் என்றே ரசிகர்கள் அறிந்திருந்தார்கள். ஸ்பாக் பாதி மனிதர். மேரி சூ பாதி வல்கன். கிர்க்கும் ஸ்பாக்கும் பெற்றிருந்ததைத்தான் அந்தப் பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள்.

பெயர் தனியே நடந்த கதை

பகடி வெளிவந்த பிறகு, ஸ்மித்தும் அவர் நண்பர்களும் கருத்துக் கடிதங்களில் அந்தப் பெயரைச் சுருக்கக் குறிப்பாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வாசகர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். எல்லோரும் படித்துச் சலித்திருந்த ஒன்றுக்கு இப்போது பெயர் கிடைத்திருந்தது. 1976-இல் 'மெனாஜரி' ஆசிரியர்கள் அந்த வகைக் கதையின் இலக்கணத்தையே எழுதிவிட்டார்கள்: பயிற்சிக்கழகத்தில் தேறியவர்களிலேயே இளையவள், ஓவியம் முதல் விலங்கியல் வரை எதிலும் வல்லவள், முக்கிய ஆண்கள் மூவரில் ஒருவரின் அல்லது மூவரின் மனத்திலும் இடம் பிடிப்பவள், தன் அறிவால் எல்லோரையும் காப்பாற்றுபவள், வாசகருக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இறுதியில் இறந்தும் போகிறவள். அந்த வரையறை கூர்மையானது. ஆனால் பகடியில் இருந்த ஒன்று அதில் இல்லை. பகடி, அவளால் மற்ற மாந்தருக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டியது. வரையறையோ அவளுடைய பண்புகளைப் பட்டியலிட்டது. இளமை, திறமை, அழகு, வெற்றி எனப் பட்டியல் வந்துவிட்டால், அவற்றில் இரண்டு இருந்தாலே குறி போட்டுவிடலாம் என்ற நிலை வர அதிக நாள் ஆகாது.

அந்த நிலை வந்தது. 1980-களின் தொடக்கத்திலேயே, திறமையுள்ள எந்தப் பெண் பாத்திரத்தையும் இந்தச் சொல்லால் அடிக்கிறார்கள் என்று ரசிகர் வட்டத்துக்குள்ளேயே முறையீடுகள் எழுந்தன. 1987-இல் பால்டிமோரில் நடந்த 'கிளிப்பர்கான்' மாநாட்டின் கலந்துரையாடல் ஒன்றில், தான் எந்தக் கதையில் ஒரு பெண்ணை வைத்தாலும் உடனே எல்லோரும் அதை மேரி சூ என்கிறார்கள் என்று ஓர் எழுத்தாளர் வருந்திச் சொன்னார். இந்த வட்டத்தைப் பல ஆண்டுகள் உள்ளிருந்து ஆய்வு செய்த கமில் பேக்கன்-ஸ்மித், 1992-இல் வெளிவந்த தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பல ரசிகைகள் எழுதிய முதல் கதையே இந்த வகையைச் சேர்ந்தது என்பதையும், மேரி சூவைப் படைத்துவிடுவோமோ என்ற அச்சம் சிலரை எழுதவிடாமலே செய்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். பெண் பாத்திரங்களை அடியோடு விட்டுவிட்டு, விமர்சனத்துக்கு இடம் தராத கிர்க்கையும் ஸ்பாக்கையும் மட்டுமே எழுதுவது பாதுகாப்பானது என்று ஒதுங்கியவர்களும் உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் விமர்சனம் தன் வேலையை நிறுத்திவிட்டது என்று நான் சொல்வேன். 1973-இல் ஒரு வாசகர், 'இந்தக் காட்சியில் ஸ்காட் ஏன் சும்மா நிற்கிறார்?' என்று கடிதம் எழுதியிருந்தால், எழுதியவள் அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போய், ஸ்காட்டுக்கு ஒரு வேலை கொடுத்திருப்பாள். 'இது மேரி சூ' என்று எழுதினால் அவள் திரும்பிப் போக எந்த இடமும் இல்லை. நாயகியை முட்டாளாக்குவதா, அழகைக் குறைப்பதா, கொன்றுவிடுவதா, கதையையே கிழித்துப் போடுவதா என்று அவள்தான் ஊகிக்க வேண்டும். இணையம் வந்த பிறகு, பாத்திரத்துக்கு மதிப்பெண் போடும் கேள்விப் பட்டியல்கள் பரவின; கண்ணின் நிறத்துக்கு ஒரு மதிப்பெண், வீரச் சாவுக்கு ஒரு மதிப்பெண் என்று கூட்டிப் பார்த்து அச்சப்பட்ட இளம் எழுத்தாளர்கள் ஏராளம். 2015-இல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் ரே என்ற பெண் பாத்திரம் அறிமுகமானபோது, அவர் மேரி சூதானா என்ற சர்ச்சை உலகெங்கும் நடந்தது. கையால் தைத்த ஓர் இதழில் பிறந்த சொல், கோடிக்கணக்கானோர் பார்த்த திரைப்படத்தை அளக்கும் கோலாகியிருந்தது.

அந்தச் சொல்லின் வயதைப் பின்னோக்கி நீட்டியவர்களும் இருக்கிறார்கள். குழந்தை இலக்கிய ஆய்வாளர் பாட் ஃப்ளீகர் 1999-இல் எழுதிய கட்டுரையில், அழகும் அறிவும் நற்குணமும் ஒருங்கே அமைந்து, எல்லோரையும் திருத்தி, எல்லோரும் அழ இளமையிலேயே இறந்துபோகும் சிறுமிகளை 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுவர் இதழ்களிலிருந்து எடுத்துக்காட்டி, மேரி சூவுக்கு வயது நூற்றைம்பது என்று நிறுவினார். அந்தச் சிறுமிகளை எழுதியவர்கள் பாராட்டப்பட்டார்கள். அவர்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகளின் பேத்திகள் அதே சிறுமிக்கு விண்வெளிச் சீருடை மாட்டியபோது குறி போடப்பட்டார்கள்.

ஸ்மித்திடமே திரும்பி வருவோம். அவரும் ஃபெராரோவும் இந்தப் பெயருக்கு ஆண்பால் வடிவங்களையும் யோசித்திருந்தார்கள். அவை மேரி சூவைப் போல நிலைக்கவில்லை, ஏனெனில் அந்த இதழ்களில் எழுதியவர்களில் ஆண்கள் மிகச் சிலரே. அளவற்ற ஆற்றல் கொண்ட ஆண் நாயகர்களைத் தமக்குப் பதிலாக நிறுத்திக்கொள்ள ஆண்களுக்கு எப்போதும் அனுமதி இருந்திருக்கிறது என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார். அந்தப் பகடியை எழுதிய கையிலிருந்தே இந்தக் குறிப்பும் வந்தது என்பதால், இரண்டையும் ஒரே விமர்சகரின் ஒரே விமர்சனமாகச் சேர்த்துப் படிக்கிறேன். அந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவிய வேகத்தில் இந்த இரண்டாம் பாதி உடன் போய்ச் சேரவில்லை.